மக்காச்சோள விதை எட்டு மாதம் இருக்க: சாக்கா, பாலித்தீனா?

மானாவாரிக்காடு, பெரம்பலூர்
தை அறுவடையில் ஆப்பிரிக்கன் டால் ரக மக்காச்சோளம் 50 கிலோ விதைக்கு ஒதுக்கியாச்சு. விதைப்பு புரட்டாசியில். மீட்டர் 13% ஈரம் காட்டுது. சணல் சாக்கில் வைத்தால் ஆடிக்குள் வண்டு துளைத்துவிடும். கார்பன்டசிம் மருந்து கலந்து, 700 கேஜ் தடிமன் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் தாங்குமா?

விதைக்கூடம்
13 சதவீதத்தில் பாலித்தீன் வேண்டவே வேண்டாம், சாக்கே தேவலை. விதை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். வெளிவிடும் ஈரத்துக்குப் போக வழி இருக்காது. தகரக் கூரை என்றால் ராத்திரிக் குளிரில் பையின் மேல்பக்கம் உள்ளே வேர்க்கும். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்த அடுக்கில்தான்.

பையைத் தீர்மானிப்பது ஈரம். 10-12% என்றால் சணல் அல்லது துணிப்பை, 8-9 மாதம். 8-9% என்றால் உள்ளே பாலித்தீன் கொடுத்த சாக்கு, 12-15 மாதம். 8 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் 700 கேஜ் பை. புரட்டாசி வரை என்றால் உங்களுக்கு நடுவில் சொன்ன 8-9% ஈரம், உள்பை போட்ட சாக்கு போதும்.

மீட்டரை மட்டும் நம்பாமல் எடை போடுங்க. 13 சதவீதத்தில் 50 கிலோ இருந்தது, 9 சதவீதத்துக்கு வரும்போது 47.8 கிலோ ஆகணும். அதாவது 2.2 கிலோ தண்ணீர் வெளியேறணும். காலையிலும் சாயங்காலமும் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்புங்க. உச்சி வெயிலில் சிமென்ட் களத்தில் வேண்டாம், முளை செத்துவிடும். காய்ந்ததும் நிழலில் ஆறவிட்டுத்தான் கட்டணும். சூட்டோடு கட்டினால் உள்ளேயே வேர்க்கும்.

மானாவாரிக்காடு, பெரம்பலூர்
சரிங்க. மருந்து காய்வதற்கு முன்னாலா, பின்னாலா?

அடுக்குமூட்டை
பின்னால். அளவு கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டசிம், 5 மில்லி தண்ணீர். 50 கிலோவுக்கு 100 கிராம், கால் லிட்டர் தண்ணீர். அந்தக் கால் லிட்டரே ஈரத்தை அரை சதவீதம் ஏற்றிவிடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கலந்தபின் நிழலில் உலர்த்தி, திரும்ப எடை பார்த்துக் கட்டுங்க.

ஆனால் கார்பன்டசிம் பூஞ்சணத்துக்குத்தான், வண்டுக்கு அது ஒன்றும் செய்யாது. கூன்வண்டு காட்டிலேயே கதிரில் முட்டை வைத்துவிடும். நீங்கள் பார்க்கும்போது விதை நல்லாத்தான் இருக்கும். அதை அடக்குவது நன்றாகக் காயவைப்பதும் காற்றுப் புகாத கட்டும்தான். 9 சதவீதத்துக்குக் கீழே வண்டு பெருகத் தடுமாறும். உள்பையில் காற்று தங்காமல் முழுக்க நிரப்பி, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்க. நடுவில் திறந்து திறந்து பார்த்தால் கட்டியதற்கே அர்த்தமில்லை.

விதைக்கூடம்
தண்ணீர் சேர்க்க மனசில்லை என்றால் ஹாலோஜன் கலவை இருக்கு: பிளீச்சிங் பவுடர், சுண்ணக்கட்டித் தூள், அரப்புப் பொடி 5:4:1. கிலோவுக்கு 3 கிராம். உங்கள் 50 கிலோவுக்கு 75, 60, 15 கிராம். பிளீச்சிங் பவுடர் மூக்கைத் துளைக்கும் வாசனையோடு புதுசாக இருக்கணும். மணம் போன பொடியில் குளோரின் இருக்காது, வெறும் சுண்ணாம்புதான்.

நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணமான டிரைக்கோடெர்மாவை இப்போது பூசாதீங்க. உயிருள்ளது, எட்டு மாதம் இருக்காது. விதைக்கும்போது கிலோவுக்கு 4 கிராம். டிரைக்கோடெர்மா பூசப்போகும் விதைக்குக் கார்பன்டசிம் வேண்டாம், அது டிரைக்கோடெர்மாவையே கொன்றுவிடும். ஹாலோஜன் கலவையோடு நிறுத்துங்க.

அடுக்குமூட்டை
ஒன்று விட்டுப்போச்சு. கதிரடி மெஷினில் அடித்த விதை என்றால், காம்பு நுனி பெயர்ந்து கருப்பு தெரியும் விதைகளைப் பொறுக்கிவிடுங்க. எந்தப் பையில் போட்டாலும் முதலில் சாவது அவைதான், பூஞ்சணமும் அந்த வழியாகத்தான் நுழையும்.

மூட்டை மரச்சட்டத்தின் மேல், சுவரில் ஒட்டாமல். யூரியா மூட்டை பக்கத்தில் கூடாது. ஆவணியில் 100 விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, நாலாம் நாளும் ஏழாம் நாளும் எண்ணுங்க. ஏழாம் நாள் 90 வந்து நாலாம் நாள் பாதிதான் வந்திருந்தால் வீரியம் இறங்கிவிட்டது, விதை அளவைக் கூட்டிப் போடுங்க. மருந்து கலந்ததில் மிச்சம் இருந்தால் மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீங்க.