ஜிம்னி 5 டோர்: 40 மி.மீ. லிஃப்ட் போட என்னென்ன வாங்க வேண்டும்?

தோட்டத்துப்பாதை:

வணக்கம். மாருதி ஜிம்னி 5 டோர், மேனுவல் வைத்திருக்கிறேன். வாரநாளில் பொள்ளாச்சி–கோவை ஓட்டம், மற்றபடி வால்பாறைப் பக்கம் எங்கள் காபித் தோட்டத்துக்குப் போகிற வண்டியும் இதுதான். தார்ச்சாலை முடிந்த பிறகு வெறும் மண் தடம், டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் கல்லும் மண்ணுமாக வரப்பு மாதிரி நிற்கிறது. போதாததற்கு மழைத்தண்ணீரைத் திருப்பிவிட அங்கங்கே குறுக்கே மேடு போட்டிருக்கிறார்கள். ஆளும் ஏறி சாமானும் இருந்தால் அடியில் இடிக்காமல் வீடு வந்து சேர முடிவதில்லை.

லிஃப்ட் போடலாம், அதாவது சஸ்பென்ஷனை உயர்த்தி வண்டியைத் தூக்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கள் மெக்கானிக், லேத்தில் 40 மி.மீ. அலுமினியம் கட்டை கடைந்து ஸ்பிரிங்குக்கு மேலே வைத்தால் போதும், சில ஆயிரத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறார். கோவையில் ஒரு ஆக்சசரிஸ் கடையிலோ 50 மி.மீ. கிட்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஹெவி ஸ்பிரிங், கூடவே 235/75 டயர் என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டாபின்சன்ஸ் என்று கிட் பிராண்டுகளின் பெயர்களைப் படித்ததில் குழப்பம்தான் கூடியிருக்கிறது. கட்டை போதுமா, முழு கிட்டா? அந்த டயர் உட்காருமா? லிஃப்ட்டோடு வேறு எதை மாற்ற வேண்டும்? ஆர்டிஓ தொல்லை வருமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

கியர்_நாலு:

நண்பரே, எதை வாங்குவது என்பதற்கு முன்னால் எது இடிக்கிறது என்று பாருங்கள். வண்டியை ஒரு மேட்டில் ஏற்றியோ ஜாக்கி வைத்தோ அடியில் டார்ச் அடித்து, எங்கெல்லாம் உரசிய தடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

காரணம் சொல்கிறேன். ஜிம்னியில் முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், அதாவது டிஃப்ரன்ஷியல் குண்டு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே தண்டில் இருக்கிறது. கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிளியரன்ஸ் என்பது அந்தக் குண்டுக்கு அடியில் அளந்தது. நீங்கள் 40 போட்டாலும் 100 போட்டாலும் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும், அந்த 210 ஒரு மில்லிமீட்டர் கூட மாறாது. ஆக்சிலைத் தூக்க டயரால் மட்டுமே முடியும். ஆகவே நடுவில் நீளவாட்டில் நிற்கிற வரப்பில் குண்டு இடித்தால் எந்த ஸ்பிரிங்கும் உதவாது. குறுக்கே போட்ட மேட்டில் நடு வயிறு உட்கார்ந்தால் லிஃப்ட் நன்றாகவே உதவும்.

5 டோரில் அந்த இரண்டாவது பிரச்சினை அதிகம். 3 டோருக்கு வீல்பேஸ் 2250 மி.மீ., நம்முடையதற்கு 2590. அதனால்தான் ரேம்ப் பிரேக்ஓவர் கோணம் (நடு வயிறு இடிக்காமல் மேட்டைத் தாண்டக்கூடிய கோணம்) 28 டிகிரியிலிருந்து 24 ஆகக் குறைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 40 மி.மீ. தூக்கினால் சுமார் 3 டிகிரி திரும்பக் கிடைக்கும், கிட்டத்தட்ட 3 டோருக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது குறைந்த லாபம் இல்லை.

டயர் பற்றி. நம் வண்டிக்கு வருவது 195/80 ஆர்15, அதன் உயரம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703 சொச்சம், ஆக்சில் 5 மி.மீ. உயரும். 235/75 போட்டால் 733 சொச்சம், ஆக்சிலுக்கு 20 மி.மீ. கிடைக்கும். கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் அந்த டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும், நம் ரிம் 5.5. ஆக ரிம்மும் மாற்ற வேண்டும், ஸ்பீடோமீட்டர் 6 சதவீதம் அளவுக்குக் குறைத்துக் காட்டும், 134 என்எம் டார்க் உள்ள என்ஜின் மலை ஏற்றத்தில் ஒரு கியர் கீழே கேட்கும். தினமும் கோவை போகிற வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். 215/75 பொலிரோவுக்கு வரும் அளவு, எந்த ஊரிலும் கிடைக்கும், இருக்கிற ரிம்மிலேயே உட்காரும். அதில் ஏ.டி. (ஆல் டெரெய்ன், தார்ச்சாலைக்கும் மண் தடத்துக்கும் பொதுவான) வகை எடுங்கள்.

தோட்டத்துப்பாதை:

ரொம்ப நன்றி, இந்த விஷயத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நேற்று சர்வீஸ் பிட்டில் நிறுத்திப் பார்த்தேன். பின் ஆக்சில் குண்டில் லேசாகக் கீறல், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) அடியிலும், பின் லிங்க் ஆர்ம் சேசிஸில் மாட்டுகிற பிராக்கெட்டிலும்தான் நிறைய அடி. அப்படியானால் குறுக்கு மேடுதான் வில்லன் என்று எடுத்துக்கொள்ளலாமா? லோடு கேட்டால், பெரும்பாலும் நானும் அப்பாவும் மட்டும். அறுவடை நேரத்தில் பின்சீட்டை மடக்கி நூறு, நூற்றைம்பது கிலோ போகும். ஸ்டீல் பம்பர், வின்ச் எதுவும் இல்லை, போடும் எண்ணமும் இல்லை.

மலைக்காற்று:

அப்படியானால் லிஃப்ட் உங்களுக்குத் தேவைதான், 40 போதும், 50க்குப் போக வேண்டாம். அந்தக் கடைக்காரர் சொன்ன ஹெவி ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்.

ஸ்பிரிங்கை உயரம் பார்த்து வாங்குவதில்தான் ஏகப்பட்ட பேர் பணத்தை விடுகிறார்கள். ஸ்பிரிங் எப்போதும் எடைக்காக வாங்குகிற சாமான். ஹெவி என்று போட்டிருப்பது முன்னால் ஸ்டீல் பம்பரும் வின்ச்சும், பின்னால் எந்நேரமும் இறக்காத சுமையும் இருக்கும் வண்டிக்கு. சும்மா 1200 கிலோ இருக்கிற காலி ஜிம்னியில் அதை மாட்டினால் வண்டி சொன்ன 50க்கும் மேலே போய் நிற்கும், ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது, ஒவ்வொரு குழிக்கும் முதுகெலும்பு எண்ணும். அதைவிட மோசம், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டிய நேரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு முன்னால் ஸ்டாண்டர்ட் அல்லது லைட் ரேட், பின்னால் மீடியம். எந்த பிராண்டாக இருந்தாலும் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் எத்தனை கிலோ கூடுதல் சுமைக்கு என்று பார்ட் நம்பரோடு பட்டியல் வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலைக் காட்ட முடியாத கடையில் வாங்காதீர்கள். 3 டோருக்கான கிட்டை 5 டோருக்கு அப்படியே தள்ளிவிடுவதும் நடக்கிறது, பின்பக்க எடை இரண்டிலும் ஒன்றில்லை, அதையும் கேளுங்கள்.

கட்டை விஷயம். ஸ்பேசர் என்பதே தப்பான பொருள் இல்லை, ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதே இருக்கிறது அல்லவா, அதன் மொத்த நீளம் மாறாது. வண்டி 40 மி.மீ. மேலே நிற்கிறது என்றால் ஷாக் ஏற்கெனவே 40 மி.மீ. நீண்டு நிற்கிறது, கீழே இறங்க இருந்த தூரத்தில் அவ்வளவும் போயிற்று. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் முழுதாக இழுபட்டு டக் டக்கென்று அடிக்கும், நாளாவட்டத்தில் சீல் போய் எண்ணெய் கசியும். 20 மி.மீ. வரை கட்டை வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், 40க்கு நீளமான ஷாக் இல்லாமல் செய்யாதீர்கள்.

நீளமான ஷாக் போட்டால் எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். முழுக்க அமுங்கும்போது ஷாக் தன் அடி முட்டுவதற்கு முன்னால் பம்ப் ஸ்டாப் ரப்பர் தாங்கிப் பிடிக்க வேண்டும். நல்ல கிட்டில் பம்ப் ஸ்டாப்புக்கு நீட்டிப்புத் துண்டு கூடவே வரும்.

இன்னொன்று, ஸ்பிரிங் மாற்றினால் வண்டி தாங்கும் எடை கூடிவிடாது. ஜிம்னியின் மொத்த எடை வரம்பு 1545 கிலோ. வண்டி போக மிச்சம் 335 கிலோ சொச்சம்தான், அதற்குள் நீங்கள், அப்பா, மூட்டை எல்லாம் அடங்க வேண்டும். ஆக்சில், பிரேக், சேசிஸ் எல்லாம் அந்தக் கணக்குக்குச் செய்தவை.

சிவப்புமண்:

யாரும் ஆர்டிஓ கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், இனிப்பாக இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தில் 182ஏ பிரிவு, உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டயர் அளவை மாற்றுவதும் கேள்விக்கு உட்பட்டதுதான். ரோட்டில் எத்தனையோ வண்டி இப்படி ஓடுகிறது என்பது வேறு விஷயம், ஒரு விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் அடியில் குனிந்து பார்க்கும் நாளில் அந்தப் பேச்சு எடுபடாது. சஸ்பென்ஷன் சம்பந்தமான வாரண்டியையும் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

அதனால் என் யோசனை வேறு. அந்தத் தடம் உங்கள் சொந்தத் தோட்டத்தில்தானே இருக்கிறது? குறுக்கு மேட்டை ஒரு ஜேசிபி வைத்து அகலமாக, சாய்வாக மாற்றிக் கட்டுங்கள், தண்ணீரும் திரும்பும், வண்டியும் ஏறி இறங்கும். கூடவே டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடியில் ஒரு ஸ்கிட் பிளேட், அதாவது அடி படாமல் காக்கும் உலோகத் தகடு. என்னுடையது மஹிந்திரா தார், அதில் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணம், பால் ஜாயின்ட் எல்லாம் சேர்ந்து கெடுகிறது. அதைப் பார்த்த பிறகு லிஃப்ட் என்றாலே எனக்கு நம்பிக்கை இல்லை.

லீஃப்ஸ்பிரிங்:

சிவப்புமண் அண்ணன் சட்டம் பற்றிச் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை, மேட்டை மாற்றிக் கட்டும் யோசனையும் அருமை. ஆனால் தாரின் கெடுதலை ஜிம்னிக்குப் பொருத்த வேண்டாம், இரண்டும் வேறு வேறு அமைப்பு. முழு ஆக்சிலில் டிரைவ் ஷாஃப்ட் கோணம் சக்கரத்துக்குப் பக்கத்தில் மாறாது, மாறுவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம்தான், 40க்கு அது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஜிம்னியில் தொல்லை வேறு மூன்று இடத்தில் வரும், கிட் விற்கிறவர்கள் பெட்டியில் வைக்க மறப்பதும் இவற்றைத்தான்.

முதலில் காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம் இரண்டும் சேசிஸிலிருந்து முன்னோக்கிப் போகின்றன. வண்டி உயர்ந்தால் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து ஆக்சிலையும் சுற்றிவிடும், காஸ்டர் குறையும். கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது, 80க்கு மேலே வண்டி அலையும். அலைன்மென்ட் கடைக்குப் போனால் கம்ப்யூட்டரில் சிவப்பாகக் காட்டி, இதில் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை சார் என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வது உண்மை, இந்த ஆக்சிலில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும்தான் திருப்பி வைக்க முடியும். காஸ்டரைத் திரும்பக் கொண்டுவர, துளை மையத்திலிருந்து தள்ளி இருக்கும் காஸ்டர் கரெக்‌ஷன் புஷ்ஷை ஆர்மில் பிரஸ் பண்ண வேண்டும். பொள்ளாச்சி–கோவை ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டிக்கு இது கட்டாயம், மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

அடுத்து லேட்டரல் ராட், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு. ஒரு முனை சேசிஸில், ஒரு முனை ஆக்சிலில். வண்டி உயர உயர அது ஆக்சிலை ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் இழுக்கும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் ஃபெண்டருக்கு வெளியே, மறுபக்கம் உள்ளே தெரியும். நீளம் மாற்றக்கூடிய ராட் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 40க்கு இது இல்லாமலும் ஓடும், பணம் இருந்தால் வாங்குங்கள். ஸ்டீயரிங் வீல் கோணலாக வந்தால் டிராக் லிங்க்கில் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) திருப்பி நேராக்கச் சொல்லுங்கள், அப்படியே விட்டால் வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பி குழம்பும்.

மூன்றாவது பிரேக் ஹோஸ். எல்லா வேலையும் முடிந்ததும் சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், டிஃப்ரன்ஷியல் பிரீதர் (காற்றோட்ட) குழாய் மூன்றிலும் தொய்வு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தும் பாருங்கள். விறைப்பாக இருந்தால் பிராக்கெட்டை இறக்கும் துண்டோ, நீளமான ஹோஸோ போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

தோட்டத்துப்பாதை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மேட்டைச் சாய்வாகக் கட்ட ஆள் சொல்லிவிட்டேன், மற்றவை பொதுத் தடத்தில் இருக்கின்றன, கை வைக்க முடியாது. வீட்டில் பேசிப் பார்த்ததில் ஒரே நேரத்தில் எல்லாம் வாங்க முடியாது, எதை முதலில் செய்யட்டும்?

லீஃப்ஸ்பிரிங்:

தம்பி, முதலில் 215 ஏ.டி. டயரும் ஸ்கிட் பிளேட்டும். தோட்டத்துத் தடத்தில் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, 4எல் (நாலு சக்கர லோ கியர்) போட்டு மெதுவாக ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். திரும்பத் தார் ரோடு ஏறும்முன் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியில் இருக்கட்டும். மேடும் கட்டிவிட்டீர்கள் என்றால் இதோடு நின்றாலும் நிற்கலாம். அப்போதும் இடித்தால் ஸ்பிரிங், ஷாக், காஸ்டர் புஷ் மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் போடுங்கள், தனித்தனியாகப் பிரித்தால் லேபர் இரண்டு மடங்கு.

மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆர்ம், லேட்டரல் ராட் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுக்க முறுக்கக் கூடாது. நாலு டயரும் தரையில் நின்று, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் புஷ் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். 500 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், ஹெட்லைட் உயரத்தையும் அன்றைக்கே சரி பண்ணிவிடுங்கள்.