மோட்டார் டிஷ்: கம்பம் நேராக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஒரே டிஷ்ஷைத் திருப்பிப் பல டிவி செயற்கைக்கோள்களைப் பிடிக்க எந்த மோட்டார் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: கம்பத்தை நட்டுவிட்டீர்களா, அது நேராக நிற்கிறதா? இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்காததால் மூன்று வார இறுதிகள் போயின. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 90 செ.மீ. ஆஃப்செட் டிஷ் (சிக்னலை வாங்கும் தலைப்பகுதி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் வகை). கம்பத்தில் மோட்டார், மோட்டாரின் வளைந்த தண்டில் டிஷ். டிவியோடு இணையும் ரிசீவர் பெட்டியிலிருந்து அந்தத் தலைப்பகுதிக்கு, அதாவது எல்.என்.பி.க்கு, போகும் அதே கேபிளில் மோட்டாருக்கான மின்சாரமும் கட்டளையும் போய்விடுகின்றன. தனிக் கம்பி இழுக்கத் தேவையில்லை. இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் சி-பேண்ட் டிஷ் (குறைந்த அதிர்வெண்ணுக்கான பெரிய டிஷ்) வைத்திருப்பவர்கள் இந்த வகை மோட்டாரை நினைக்கவே வேண்டாம், எடை தாங்காது. அவற்றுக்கு 36 வோல்ட்டில் ஓடி, நீண்டு சுருங்கி டிஷ்ஷைத் தள்ளும் ஆக்சுவேட்டர் தண்டும் அதை இயக்கும் பொசிஷனர் பெட்டியும்தான் சரி. என் அளவு டிஷ்ஷுக்கு மோட்டாரின் கையேட்டில் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டால் போதும். தேர்வு விஷயத்தில் நான் சொல்வதற்கு வேறு அதிகம் இல்லை.

பொருத்திய முதல் நாளே என் தீர்க்கரேகைக்கு மிக அருகில் உள்ள செயற்கைக்கோள் கிடைத்துவிட்டது. சிக்னல் அருமை. வேலை முடிந்தது என்று ஏணியை எடுத்து வைத்துவிட்டேன். மாலையில் கிழக்கே இருபது பாகை நகர்த்தினேன், சிக்னல் பாதியாகியது. நாற்பது பாகையில் ஒன்றுமே இல்லை. மேற்கிலும் அதே கதை. மோட்டார் பழுது என்று நினைத்தேன். எல்.என்.பி.யை மாற்றிப் பார்த்தேன். டிஷ்ஷின் சாய்வைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் கிழக்கு சரியானால் மேற்கு போனது, மேற்கைப் பிடித்தால் நடுவில் இருந்ததும் போனது.

மூன்றாவது வாரம், ஒரு நூலில் கனமான நட்டு ஒன்றைக் கட்டிக் கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டேன். காற்று ஓயும் வரை காத்திருந்தேன். உச்சியில் கம்பத்தை ஒட்டியிருந்த நூல், ஒரு மீட்டர் கீழே வந்தபோது கம்பத்தை விட்டு இரண்டு செ.மீ. விலகி நின்றது. கண்ணால் பார்த்தால் கம்பம் நேராகத்தான் தெரிந்தது. கணக்குப் போட்டால் அந்தச் சாய்வு ஒரு பாகைக்குச் சற்று அதிகம்.

ஒரு பாகைதானே என்று தோன்றும். 90 செ.மீ. டிஷ் கேயு-பேண்டில் (சிறிய டிஷ்களுக்கான உயர் அதிர்வெண்ணில்) பார்க்கும் பார்வையின் மொத்த அகலமே ஏறத்தாழ இரண்டு பாகைதான். நடுவிலிருந்து ஒரு பாகை விலகினால் சிக்னலின் வலு பாதியாகிவிடும். நாம் பிடிக்கும் டிவி செயற்கைக்கோள்கள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரே வளையத்தில் நிற்கின்றன. நம் மாடியிலிருந்து பார்க்கும்போது அந்த வளையம் வானத்தில் ஒரு வில். டிஷ் ஒரே ஓர் அச்சில் திரும்பி அந்த வில்லை அப்படியே வரைய வேண்டும். கம்பம் சாய்ந்தால் அச்சும் சாயும். டிஷ் வரைவது வேறொரு வில்லாகிவிடும். இரண்டு விற்களும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். நான் முதல் நாள் பிடித்தது அந்த ஒரே இடத்தைத்தான்!

அடித்தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, தாழ்ந்த பக்கத்தில் வாஷர்களை வைத்து, நூலைக் கம்பத்தின் இரண்டு பக்கங்களில், ஒன்றுக்கொன்று செங்கோணமாக, தொங்கவிட்டுச் சரிபார்த்தேன். ரசமட்டம் வைத்திருப்பவர்களும் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது பார்க்காததற்குச் சமம்.

அடுத்தது வடக்கு–தெற்கு. திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது தவறாகத்தான் காட்டும். தள்ளி வைத்தாலும் அது காட்டுவது காந்த வடக்கு. உண்மையான வடக்கிலிருந்து அது விலகியிருக்கும். நான் சூரியனை நம்பினேன். உதயத்துக்கும் மறைவுக்கும் சரியாக நடுவே வரும் நேரத்தில் (கடிகாரத்தின் 12 மணி அல்ல) கம்பத்தின் நிழல் விழும் கோடுதான் உண்மையான வடக்கு–தெற்குக் கோடு. தரையில் சுண்ணக்கட்டியால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். மோட்டாரைப் பூஜ்யத்தில் நிறுத்தி, கையேட்டின் அட்டவணையிலிருந்து என் அட்சரேகைக்கு உரிய கோணங்களை வைத்து, அந்தக் கோட்டுக்கு நேராகத் திருப்பினேன். எல்.என்.பி.யை முறுக்க வேண்டாம், நேராகவே இருக்கட்டும். டிஷ் முழுவதும் சாய்ந்து திரும்புவதால் முறுக்கம் தானாகவே வந்துவிடும்.

கடைசியாக ஒரு கைப்பக்குவம். கிழக்குக் கோடியில் உள்ள செயற்கைக்கோளுக்குப் போய், டிஷ்ஷின் விளிம்பை விரலால் மெல்ல மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் பாருங்கள். மேற்கிலும் அப்படியே. எந்தப் பக்கத்தில் தூக்கினால் சிக்னல் கூடுகிறதோ, அந்தப் பக்கமாக மோட்டாரோடு சேர்த்து எல்லாவற்றையும் கம்பத்தில் மயிரிழை திருப்புங்கள். இரு பக்கமும் தூக்கினால்தான் கூடுகிறது, அல்லது இரு பக்கமும் அழுத்தினால்தான் கூடுகிறது என்றால் திசையில் தவறில்லை; சாய்வுக் கோணங்களைத்தான் பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு வில் தலைக்கு மேலேயே போவதால் இந்த விதி அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. அன்று மாலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒவ்வொன்றாக வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

* * *

ஐயா, கம்பத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. என் கம்பம் சரியாகத்தான் இருந்தது; என்னை அலைக்கழித்தது கேபிள். மோட்டார் நடுவிலிருந்து மேற்கே இறங்கும்போது நன்றாகப் போகும். திரும்பி நடுவுக்கு ஏறும்போது பாதி வழியில் முனகிக்கொண்டே நின்றுவிடும். அதுவும் சில அலைவரிசைகளில் மட்டும். சிக்னல் அளவு குறையவே இல்லை என்பதால் கேபிளின் மேல் சந்தேகமே வரவில்லை.

செங்குத்து முனைவாக்கத்துக்கு (சிக்னல் அலை அதிரும் திசை செங்குத்தாக இருந்தால்) ரிசீவர் 13 வோல்ட்டும், கிடைமட்டத்துக்கு 18 வோல்ட்டும் அனுப்புகிறது. 13 வோல்ட்டில் மோட்டார் மெதுவாகத்தான் நகரும். என் கேபிளோ நீளமானது. நடுக்கம்பி முழுச் செம்பு அல்ல, செம்புப் பூச்சு போட்ட எஃகு. உயர் அதிர்வெண் சிக்னல் கம்பியின் மேல்தோலிலேயே ஓடிவிடுவதால் அதற்குப் பூச்சு போதும். மோட்டாருக்குப் போகும் நேர்மின்னோட்டத்துக்கு முழுக் கம்பியும் வேண்டும். எஃகில் மின்தடை அதிகம் என்பதால் போகும் வழியிலேயே வோல்ட் விழுந்துவிடுகிறது. கோடியிலிருந்து நடுவுக்கு வரும்போது டிஷ்ஷைத் தூக்க வேண்டியிருப்பதால் அங்கே திணறுகிறது.

வாங்கும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். நடுக்கம்பியில் ஒட்டினால் அது எஃகு. முழுச் செம்புக் கேபிளுக்கு மாற்றிய பிறகு எனக்கு அந்த முனகல் போய்விட்டது. எல்.என்.பி.க்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள துண்டில் தாராளமாக ஒரு வளையம் விடுங்கள்; டிஷ் கோடிக்குப் போகும்போது கேபிள் இழுபடக் கூடாது. வளையம் கீழ்நோக்கித் தொங்கினால் மழைநீரும் இணைப்பானுக்குள் போகாமல் சொட்டிவிடும்.

* * *

அண்ணா, எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். மெனுவில் என் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் ரிசீவரே எல்லாச் செயற்கைக்கோள்களின் கோணத்தையும் கணக்கிட்டுக்கொள்ளும் யுசால்ஸ் வசதியைப் பயன்படுத்தினேன். எண்களைச் சரியாகத்தான் போட்டேன். பக்கத்தில் கிழக்கா மேற்கா என்று கேட்கும் கட்டத்தில் மேற்கு இருந்ததைக் கவனிக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் டிஷ் தன் போக்கில் ஓடி, கைப்பிடிச் சுவரில் இடித்து, விளிம்பில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினேன். அதற்குள் மோட்டார் இன்னும் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதிதாகப் பொருத்துபவர்கள் எதையும் தேடுவதற்கு முன் கிழக்கு எல்லை, மேற்கு எல்லை இரண்டையும் மெனுவில் பதிந்துவிடுங்கள். முதல் ஓட்டத்தின்போது ஒருவர் கீழே ரிசீவரிடமும் ஒருவர் மேலே டிஷ்ஷிடமும் நிற்க வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள்.

* * *

நானும் ஒன்று சேர்க்கிறேன். மரம் மறைக்குமா, பக்கத்துக் கட்டடம் மறைக்குமா என்ற கவலை உள்ளவர்களுக்கு என் அனுபவம் உதவக்கூடும். ஆஃப்செட் டிஷ்ஷைப் பார்த்தால் நேர் எதிரே பார்ப்பதுபோல இருக்கும். ஆனால் அது சிக்னல் வாங்குவது, முகம் காட்டும் திசையைவிட இருபது பாகைக்கும் மேலே இருந்து. அதனால் எதிரே நிற்கும் மரத்தைக் கண்டு தேவையில்லாமல் இடத்தை மாற்றியவர்களும் உண்டு. மறைக்காது என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு.

ஆண்டில் இரண்டு முறை, மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய சில நாட்களில், சூரியன் செயற்கைக்கோள்களுக்கு நேர் பின்னால் வரும். அப்போது சில நிமிடங்கள் படம் கலைந்து போகும். வட அரைக்கோளத்தில் அது மார்ச் சமஇரவு நாளுக்குச் சற்று முன்பும் செப்டம்பர் சமஇரவு நாளுக்குச் சற்றுப் பின்பும் வரும். தென் அரைக்கோளத்தில் இதற்கு நேர்மாறு. அந்த நாட்களில் சூரியன் காலை முதல் மாலை வரை போகும் பாதை ஏறக்குறைய செயற்கைக்கோள்களின் அதே வில்தான். நான் கம்பம் நடுவதற்கு முன் அந்த நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, டிஷ் வரப்போகும் உயரத்தில் ஒரு வெள்ளை அட்டையைக் கட்டிவைத்து, அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். மூன்று மணி வரை வெயில். அதன் பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழல் அட்டையின் ஓரத்தில் ஏறத் தொடங்கி, கால் மணி நேரத்தில் அதை முழுக்க மூடிவிட்டது. நான் பார்க்க ஆசைப்பட்ட மேற்குச் செயற்கைக்கோள்கள் இரண்டு அந்த நிழலுக்குள் இருந்தன. கம்பத்தை நான்கு அடி தள்ளி நட்டேன். இரண்டும் இப்போது கிடைக்கின்றன.

* * *

முதலில் எழுதியவன்தான். அட்டை வைத்துப் பார்க்கும் யோசனைக்கு நன்றி, ஐயா. என் கிழக்குக் கோடியில் ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. தென்னை ஓலை மறைக்கிறதா, இல்லை அரை பாகை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று முடிவு செய்ய முடியாமல் இருந்தேன். அடுத்த முறை படம் கலையும் நாட்களில் டிஷ்ஷின் முகத்திலேயே நிழலைப் பார்த்துவிடுகிறேன். அதுவரை நூலும் நட்டும் கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பலத்த காற்று அடித்த ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.