உமி உலையில் கண்ணாடிக் கட்டி: கயோலின் களிமண் பயன்படுத்தியவர்கள் உண்டா?

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில், ஆய்வு நிதியொன்றில் நாங்களே செய்த சாய்தட்டு உலையை ஓட்டுகிறோம். மணிக்கு 40 கிலோ எரிபொருள். நெல் அவிக்கும் நீராவிக்கு.

தனி உமி எரித்தவரை சாம்பல் பொடியாகவே விழுந்தது. மூன்று வாரங்களுக்கு முன் வைக்கோலைக் கால் பங்கு கலந்தோம். அன்றிலிருந்து ஐந்தாறு மணி நேரத்தில் தட்டின் அடியில் கண்ணாடி போன்ற கட்டி இறுகிக் காற்றுத் துளைகளை அடைக்கிறது. பிறகு கரும்புகை, கடப்பாரை, திட்டு. தட்டுக்கு மேலே வெப்பமானி 900 பாகை செல்சியஸ் காட்டுகிறது.

வைக்கோலிலுள்ள பொட்டாசியம் சிலிக்காவோடு சேர்ந்து சாம்பலின் உருகுநிலையை இறக்குகிறது என்பது தெரியும். வைக்கோலைக் கைவிடவும் முடியாது. பெரும்போக அறுவடைக்குப் பின் வயலில் வீணாக எரிவதைப் பயன்படுத்தத்தான் நிதியே கிடைத்தது.

தட்டுக்கு அடியிலிருந்து ஊதும் காற்றைக் குறைத்தோம்: கட்டி குறைந்தது, ஆனால் சாம்பலில் எரியாத கரி மிஞ்சியது. பொட்டாசியம் கரைந்து போகட்டும் என்று வைக்கோலை மழையில் நனையவிட்டுக் காயவைத்தோம்: இதுவரை கிடைத்ததில் இதுவே நல்ல பலன். ஆனால் மாரியில் எங்கே காயவைப்பது? அடுத்து, பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கயோலின் களிமண்ணைத்தான் யோசிக்கிறோம்.

உமியும் வைக்கோலும் கலந்த எரிபொருளில் கயோலின் சேர்த்தவர்கள், எடையில் எத்தனை வீதம் சேர்த்தபோது கட்டி நின்றது?