அஞ்சு மாசக் குட்டியும் ஏழு பெருச்சாளியும்

சாத்தூரான்:
முந்தாநாள் ஒருத்தர் இங்க எழுதியிருந்தார்: "என் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு அஞ்சு மாசம். கொருக்குப்பேட்டை கால்வாய் ஓரம் ஒரே ராத்திரியில ஏழு பெருச்சாளி அடிச்சுது. வேட்டை ரத்தம்னா சும்மாவா!" படிச்சதுல இருந்து எனக்கு எரிச்சல் அடங்கல. அஞ்சு மாசத்துல குட்டிக்குக் கோரைப்பல்லு விழுந்து முளைக்கிற நேரம். பால்பல்லு 28ம் போய் 42 பல்லும் வந்து நிக்க ஆறு, ஏழு மாசம் ஆகும். ஆடுற பல்ல வச்சுக்கிட்டு ஏழா?

கால்வாய்க்கரை:
போட்டது நான்தான் அண்ணாத்த. பல்ல எண்ணிப் பாத்துட்டா நாய் கடிக்கும்? குட்டிக்கு அஞ்சு மாசம்தான், தேதி எழுதி வச்சிகீறேன்.

சாத்தூரான்:
வாங்கின தேதியா, பொறந்த தேதியா?

கால்வாய்க்கரை:
ரெண்டும்.

சாத்தூரான்:
அப்ப வாயத் திறந்து ஒரு போட்டோ போடுங்க. உங்க வாய இல்ல.

காசிமேடு கறுப்பன்:
பல்லு கெடக்கட்டும்பா. சிப்பிப்பாறை கண்ணால பாத்துத் துரத்துற நாய், பொட்டல்ல முயலுக்குப் பின்னால ஓடறதுக்குன்னே வந்த ஒடம்பு. இருட்டுல வளையத் தோண்ட அதுக்கு இன்னா தெரியும்? எங்க ஹார்பர்ல ஐஸ் பெட்டிக்கு அடியில பூந்து வர்ற தெருநாயப் பாருங்க. ஜாதியும் கெடையாது, உதாரும் கெடையாது.

சாத்தூரான்:
தெருநாயோட சிப்பிப்பாறைய ஒப்பிடுறதா! எங்க தாத்தா வளத்த நாய் ஒத்தையில முயல் புடிக்கும்.

மணலி அக்கா:
முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பெருமையா எழுதுறீங்களே?

சாத்தூரான்:
தாத்தா காலம்மா அது. 1972க்கு முந்தி. அவருக்குப் பல்லே இல்ல, ஆனா நாய்க்கு இருந்துச்சு. அதத்தான் கேக்கேன்.

மணலி அக்கா:
சரி, கால்வாய்க்கரை தம்பி, குட்டிக்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி ரெண்டு தவணையும் போட்டாச்சா? எலி மூத்திரம் கலந்த தண்ணியில எறங்கினா நாய்க்கும் வரும், உனக்கும் வரும். எலி மருந்து தின்ன பெருச்சாளிய அது கடிச்சுத் தின்னுட்டா இன்னும் மோசம். சில மருந்துக்கு ரத்தம் உறையாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்.

கால்வாய்க்கரை:
ஒரு ஊசி போட்டாச்சுக்கா. இன்னொண்ணு அடுத்த வாரம்.

சாத்தூரான்:
பாத்தீகளா! ஊசியே முடியாத குட்டி. பல்லு மட்டும் முடிஞ்சிருச்சாக்கும்.

பெரம்பூர் பிள்ளை:
பெருச்சாளிதான்னு யார் சொன்னது? மூஞ்சூறா இருக்கும். நாய் அடிக்கும், நாத்தத்துல தின்னாம போட்டுடும். அதோட அது பிள்ளையார் வாகனம், பாவம்.

காசிமேடு கறுப்பன்:
வாகனம் பெருச்சாளின்னு எங்க ஆயா சொல்லும்.

பெரம்பூர் பிள்ளை:
உங்க ஆயா கோயிலுக்குப் போய் ரொம்ப நாளாச்சு போல.

காசிமேடு கறுப்பன்:
ஆயாவ இழுக்காத. போன மாசம் கருவாட்டுப் பேச்சுலயும் இப்டித்தான் பண்ண, நான் மறக்கல.

ராஜபாளையம் ரசிகன்:
இத்தனை சத்தமும் எந்த நாய்க்கு? 2005ல நாலு இந்திய நாய்க்குத் தபால்தலை போட்டாங்க. ராஜபாளையம் இருக்கு. சிப்பிப்பாறை எங்க சார்?

சாத்தூரான்:
தபால்காரரத் துரத்துற நாயப் போட்டாத்தான் அவருக்கு அடையாளம் தெரியும். எங்களுது ஓடுற ஓட்டத்துக்குத் தலையில நிக்காது, வாலு மட்டும்தான் விழும். அது போகட்டும். கால்வாய்க்கரை, போட்டோ?

கால்வாய்க்கரை:
இந்தா அனுப்பிகீறேன்.

சாத்தூரான்:
இது காது.

கால்வாய்க்கரை:
ஆட்டினே கீது அண்ணாத்த, இன்னா பண்றது. ஆனா ஏழுதான். எங்க தெருவே பாத்துது.

மணலி அக்கா:
அடுத்த வாரம் ஊசிய மறந்துடாத.

சாத்தூரான்:
தெரு பாத்தது பெருச்சாளிய. நான் கேட்டது பல்ல. மேல் தாடை, இடது பக்கம், கோரைப்பல்லு. ஒரே ஒரு படம்.

கால்வாய்க்கரை:
குட்டி தூங்குது. ஏந்ததும் எடுக்குறேன்.

சாத்தூரான்:
தூங்கும்போதுதான வாயத் திறக்க லேசு?