டிசம்பர் பிறந்தநாள்: இனிமேல் ஊட்டி விடலாமா, கூடாதா?

டிசம்பர் அம்மா (செங்காங்):
மகனுக்கு வரும் 28ஆம் தேதி ஆறு வயது முடிகிறது. அடுத்த சில நாளில் தொடக்கநிலை 1, அதாவது முதல் வகுப்பு. இங்கே சிங்கப்பூரில் ஜனவரி 2இலிருந்து அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆண்டில் பள்ளி சேர்கிறார்கள். அதனால் இவன் தன்னைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்த பிள்ளைகளோடு உட்காரப் போகிறான். சீருடை வாங்கிப் போட்டுப் பார்த்தோம், கால்சட்டை முழங்காலைத் தாண்டி நிற்கிறது. வீட்டில் இப்போது ஒரு வழக்கு. ராத்திரிச் சாப்பாட்டை இன்னும் நான்தான் ஊட்டுகிறேன். "பிறந்தநாளோடு இதை நிறுத்திவிடு" என்கிறார் கணவர். "பச்சைப் பிள்ளை, விடுப்பா" என்கிறார் மாமியார். உங்கள் வீடுகளில் எப்படி?

பொங்கோல் அப்பா:
உங்கள் கணவர் பக்கம்தான் நான். பள்ளியில் இடைவேளை அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கேன்டீனில் வரிசையில் நின்று, என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டு, காசு எண்ணிக் கொடுத்து, தட்டைக் கொட்டாமல் தூக்கி வந்து, சாப்பிட்டு, கழிப்பறைக்கும் போய் வர வேண்டும். என் மகள் முதல் வாரம் கொண்டு போன சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தாள். டப்பா மூடியைத் திறக்க வரவில்லை, யாரையும் கேட்கவும் கூச்சம். இதையெல்லாம் ஜனவரியில் பழக்க முடியாது. பிறந்தநாள் என்று ஒரு தேதி கையில் இருக்கிறது. "நீ இப்போது பெரியவன்" என்று சொல்ல அதைவிட நல்ல நாள் வேறு எது?

பாலர் பள்ளி டீச்சர்:
பிள்ளைகளுக்குப் பெற்றோர் பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறது. எங்கள் நிலையத்தில் பாலர் வகுப்பு 2 பிள்ளைகள் தாங்களே பரிமாறிக்கொண்டு சாப்பிடுகிறார்கள், கிண்ணத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள், தூங்கி எழுந்து மெத்தையை மடிக்கிறார்கள். அதே பிள்ளை, சாயங்காலம் அம்மா வாசலில் வந்து நின்றதும், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், காலணி மாட்டிவிடச் சொல்லி! உங்கள் மகனும் மதியம் தானாகத்தான் சாப்பிடுகிறான், அக்கா. நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ராத்திரி வாயைத் திறப்பது சாப்பிடத் தெரியாமல் அல்ல. அதனால் ஊட்டுவதை நிறுத்தி அவனுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கப்போவது ஒன்றும் இல்லை. மூடி திறப்பது, இரண்டு வெள்ளி (டாலர்) கொடுத்து மீதி வாங்குவது, இதையெல்லாம் பழக்குங்கள். கேன்டீன் கவலைக்கு மருந்து அதுதான்.

பொங்கோல் அப்பா:
டீச்சர், தெரிந்தும் செய்யாமல் இருக்கிறான் என்றால் அது இன்னும் மோசம் இல்லையா? வெளியில் ஒரு பிள்ளை, வீட்டில் ஒரு பிள்ளை. நம் வீடுகளில் இது சாப்பாட்டோடு நிற்பதில்லை. பணிப்பெண் பையைத் தூக்குகிறார், தாத்தா பென்சில் சீவித் தருகிறார். எட்டு வயதுப் பையனுக்கு யூடியூப் போட்டுக் காட்டி ஊட்டுவதை எங்கள் புளோக்கிலேயே பார்க்கிறேன். எங்காவது ஒரு கோடு போட வேண்டும்.

தெம்பனிஸ் பாட்டி:
தம்பி, நானும் வேலைக்குப் போய் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்தான். கடைசிப் பையனுக்குப் பத்து வயது வரை ரசச் சோறு உருட்டிக் கொடுத்தேன். 18 வயதில் தேசிய சேவைக்கு, கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போனான். தெக்கோங் முகாமுக்குப் போய் யாரும் அவனுக்கு ஊட்டவில்லை! இப்போது அவன்தான் வீட்டில் சமைக்கிறான், எனக்கும் சேர்த்து. கோடு போட வேண்டும் என்று உங்களுக்கு எதற்கு இத்தனை அவசரம்? அவனே ஒருநாள் "கையை எடும்மா, நண்பன் பார்க்கிறான்" என்பான். அன்றைக்கு யாரும் நம்மைக் கேட்கப்போவதில்லை. ஆனால் யூடியூப் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

ஈசூன்வாசி:
ஊட்டுவது இருக்கட்டும். டிசம்பர் பிள்ளை என்று அக்கா பயப்படுவதற்குப் பதில் சொல்கிறேன், எங்கள் மகளும் டிசம்பர்தான். ஒரு வருடம் தள்ளிப் போடலாமா என்று நாங்களும் யோசித்தோம். கட்டாயக் கல்விச் சட்டம் 2003இலிருந்து நடப்பில் இருக்கிறது. உடல்நலம், வளர்ச்சி மாதிரித் தகுந்த காரணம் இல்லாமல் "சின்னவன்" என்று மட்டும் சொல்லித் தள்ளிப்போட இடமில்லை. ஆனால் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்காகும் தேர்வுகளை 2019இலேயே எடுத்துவிட்டார்கள். மூத்த பிள்ளைகளை எட்டிப்பிடிக்க அவகாசம் இருக்கிறது. இன்னொரு லாபம்: குடியுரிமை உள்ள பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்வரைதான் ஆண்டுக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, அப்புறம் 2 நாள். டிசம்பர் பிள்ளைக்குத் தொடக்கநிலை 1 ஏறக்குறைய முடியும்போதுதான் ஏழு ஆகிறது. காய்ச்சல், அழுகை என்று வரும் முதல் வருடத்தில் அந்த 6 நாள் பெரிய உதவி. நட்டம் ஒன்றே ஒன்று. பிறந்தநாள் விருந்துக்கு யாரும் வர மாட்டார்கள். பாதிப் பேர் திருச்சி விமானத்தில் இருப்பார்கள்.

டிசம்பர் அம்மா (செங்காங்):
விருந்து உண்மைதான்! போன வருடம் புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியில் (வாய்ட் டெக்) வைத்தோம், கேக்கில் பாதி அண்டை வீட்டாருக்குப் போனது. விடுப்பு விஷயம் நான் யோசிக்காதது, நன்றி.
பொங்கோல் அண்ணா, எங்கள் வீட்டில் கைப்பேசி இல்லாமல்தான் ஊட்டுகிறேன். நான் வேலை முடிந்து வரும்போது ஏழேகால் ஆகிவிடும். "இன்று என்ன நடந்தது?" என்று நேராகக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்பான். நாலாவது கவளத்தில் தானாக ஆரம்பிப்பான். யார் யாரைத் தள்ளினார்கள், லாவோஷி (சீன மொழி ஆசிரியர்) எதற்குச் சிரித்தார், எல்லாம் வரும். பள்ளி ஆரம்பித்தபிறகு அவன் உலகத்தில் எனக்குத் தெரியாதது இன்னும் கூடும். அந்த நேரத்தில் போய் இதை நிறுத்தச் சொல்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம். அவன் வளரக் கூடாது என்றெல்லாம் இல்லை.

பொங்கோல் அப்பா:
புரிகிறது. ஆனால் அதற்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஊட்ட வேண்டிய அவசியம் இல்லை. அவன் தட்டு அவன் முன்னால், உங்கள் தட்டு உங்கள் முன்னால். கதை அப்போதும் வரும். நீங்களும் சூடாகச் சாப்பிடுவீர்கள். இப்போது அவன் தூங்கியபிறகு ஆறிப்போனதைத்தானே சாப்பிடுகிறீர்கள்?

தெம்பனிஸ் பாட்டி:
இது நல்ல யோசனை. சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது, தம்பி. முதல் பதிவிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம்.

பாலர் பள்ளி டீச்சர்:
நானும் ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. பிறந்தநாளோடு இதை முடிச்சுப் போடாதீர்கள். ஆறு வயது ஆனால் அம்மா கையால் சாப்பாடு கிடையாது என்று ஆகிவிட்டால், வயது ஏறுவது தண்டனை மாதிரி ஆகிவிடும். சில பிள்ளைகள் "எனக்குப் பிறந்தநாள் வேண்டாம்" என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். பிறந்தநாளில் புதிதாக ஒன்றைக் கொடுங்கள்: சொந்தப் பணப்பை, கடையில் தானே காசு கொடுக்கும் உரிமை.

பொங்கோல் அப்பா:
தேதி வைக்காவிட்டால் நம் ஆட்கள் தீபாவளி வரை இழுப்பார்கள். அதில் என் கருத்து மாறவில்லை. பணப்பை மட்டும் சரி.

டிசம்பர் அம்மா (செங்காங்):
28ஆம் தேதி காலையில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் அர்ச்சனை, அப்புறம் தேக்காவில் தோசை. காசு அவன் கொடுக்கட்டும், மீதியையும் அவனே எண்ணி வாங்கட்டும். ராத்திரி இரண்டு தட்டு வைத்துப் பார்க்கிறேன். கணவரிடம் இந்த இழையைக் காட்டப் போவதில்லை, பொங்கோல் அண்ணா பேச்சை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுவார்.