புதுப்பிப்பு: பழைய கார்புரேட்டர் கார், காலையில் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. பழைய பதிவைப் படிக்காதவர்களுக்கு: என் கார் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய வண்டி. இரவு நின்ற வண்டி, காலையில் 15 விநாடி செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். சூட்டில் ஒரே அடியில் ஸ்டார்ட்.

"பம்புக்கு (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுப்பது) வரும் ஹோஸைக் காலையில் கழற்றிப் பாருங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை. டேங்குக்கும் மெக்கானிக்கல் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ், கிளாம்ப் அழுத்தும் இடத்தில் முடி அளவு வெடித்திருந்தது. அது உறிஞ்சும் பக்கம். வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். லைனில் உள்ள பெட்ரோல் இரவில் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் பம்பு அதைத் திரும்ப இழுக்கத்தான் அவ்வளவு நேரம். கீழே ஈரம் தேடியது வீண் வேலை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ஹோஸ் போட்டாச்சு. உள்விட்டம் தெரிய பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோங்க. சாதாரண பிளாஸ்டிக் டியூப் வேண்டாம், விறைத்துப் போகும்.

எதிர்பாராதது: அதன்பிறகும் 6 விநாடி ஆனது. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து சோக்கை (குளிர்ந்த இன்ஜின் பிடிக்க, காற்று வழியைத் தகட்டால் மூடும் அமைப்பு) முழுசாக இழுத்தால், அதன் தகடு முக்கால்வாசிதான் மூடியது. சோக் கேபிளின் தொய்வை எடுத்து, அதைப் பிடிக்கும் ஸ்க்ரூவை இறுக்கியதும் 2 விநாடியில் பிடிக்கிறது. கார்புரேட்டரைப் பிரிக்கவே இல்லை.