எல்டிஎல் 148: மாத்திரை வேணுமா, வேண்டாமா?

பெரியம்மா: தெரிஞ்சவர் ஒருத்தருக்கு எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், 148ன்னு ரிப்போர்ட்ல சிவப்புல வந்திருக்கு. வயசு 52. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறார். சுகர் இல்ல, சிகரெட் இல்ல. கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிக்கணுமா?

அக்கா: பெரியம்மா, அந்த சிவப்பு எழுத்தை மட்டும் வெச்சு முடிவெடுக்கக் கூடாது. மாரடைப்போ, ரத்தக்குழாய் அடைப்பால பக்கவாதமோ ஏற்கெனவே வந்திருக்கா? எல்டிஎல் 190 அல்லது அதுக்கு மேலயா? 40லேருந்து 75 வயசுக்குள்ள சுகர் இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் ஸ்டேட்டின்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுக்கணும். அடுத்த 10 வருஷத்துல மாரடைப்போ பக்கவாதமோ வர்ற ரிஸ்க் எவ்வளவுங்கற கணக்குக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மா: மூணும் இல்லம்மா. 10 வருஷ ரிஸ்க் 8 சதவீதம்னு டாக்டர் சொன்னாராம்.

அக்கா: 2018ல வந்த அமெரிக்க வழிகாட்டிப்படி 5க்குக் கீழன்னா குறைவு, 7.5லேருந்து 20க்குள்ளன்னா நடுத்தரம், 20ம் அதுக்கு மேலயும் அதிகம். இவர் நடுத்தரத்தோட வாசப்படியில நிக்கறார். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்கு முன்னாடி, இல்ல அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன்னாடி மாரடைப்பு வந்திருக்கான்னு கேளுங்க. சிறுநீரகக் கோளாறு, முடக்குவாதம், சொரியாசிஸ் இருந்தாலும் தராசு மாத்திரை பக்கம் சாயும்.

அத்தான்: அத்தை, ரிப்போர்ட்ல மத்த நம்பரும் போடுங்க.

பெரியம்மா: மொத்தக் கொலஸ்ட்ரால் 236, நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் 42, ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்பு டிரைகிளிசரைடு 230.

அத்தான்: 230ஐ 5ஆல வகுத்தா 46. 236லேருந்து 42ம் 46ம் போனா 148. அப்போ லேப்ல எல்டிஎல்லை நேரா அளக்கல, கணக்குப் போட்டிருக்காங்க. தப்பில்ல. ஆனா டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினா இந்தக் கணக்கு உதவாது, நேரா அளக்கணும். பெரிய காய்ச்சல், ஆபரேஷன் ஆன கையோட எடுத்த ரத்தத்தையும் நம்பாதீங்க, எல்டிஎல் குறைச்சுக் காட்டும்.

அக்கா: 230ம் கவனிக்க வேண்டிய நம்பர்தான். திரும்பத் திரும்ப 175க்கு மேல இருந்தா அதுவும் ரிஸ்க்கைக் கூட்டற விஷயம். தைராய்டு பாத்தாச்சா? தைராய்டு சுரப்பு கம்மியா இருந்தா எல்டிஎல் ஏறும். அதைச் சரி பண்ணாம ஸ்டேட்டின் கொடுத்தா தசைவலி வர வாய்ப்பு அதிகம்.

பெரியம்மா: அப்பவும் மனசு ஒப்பலன்னா?

அக்கா: இதய ரத்தக்குழாய்ல கால்சியம் எவ்வளவு படிஞ்சிருக்குன்னு பாக்கற கால்சியம் ஸ்கோர் சிடி ஸ்கேன் இருக்கு. பூஜ்யம் வந்தா மாத்திரையைத் தள்ளிப் போடலாம். சுகர், சிகரெட், சின்ன வயசு மாரடைப்புக் குடும்பம் இருக்கறவங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. 100 அல்லது அதுக்கு மேலன்னா தயங்கவே வேண்டாம்.

சித்தப்பா: அண்ணி, மாத்திரை விஷயம் நான் சொல்றேன். நடுத்தர ரிஸ்க்குக்கு அட்டோர்வாஸ்டேட்டின் 10லேருந்து 20 மி.கி., இல்ல ரோசுவாஸ்டேட்டின் 5லேருந்து 10. எல்டிஎல் 30லேருந்து 49 சதவீதம் இறங்கணும். மாரடைப்பு வந்தவங்களுக்கு அட்டோர்வா 40லேருந்து 80, இல்ல ரோசுவா 20லேருந்து 40. அங்க பாதிக்குப் பாதி குறையணும்.

சித்தப்பா: டோஸை இரட்டிப்பாக்கினா எல்டிஎல்லும் அதே அளவு இறங்கும்னு நினைக்கறாங்க. கூடுதலா 6 சதவீதம்தான் இறங்கும். மாரடைப்பு வந்தவங்களுக்கு முழு டோஸ்லயும் 70க்குக் கீழ வரலைன்னா எஸெட்டிமைப்ங்கற வேற வகை மாத்திரை 10 மி.கி. சேர்ப்பாங்க. அது இன்னொரு 20 சதவீதம் குறைக்கும். அப்பவும் போதலைன்னாத்தான் ஊசி.

பெரியம்மா: ஆரம்பிச்சா எப்ப டெஸ்ட்?

அக்கா: 4லேருந்து 12 வாரத்துக்குள்ள. இதைத்தான் ரொம்பப் பேர் விட்டுடறாங்க. 148 இருந்தது 104க்காவது வந்திருக்கணும். 140லயே நிக்குதுன்னா உடனே டோஸை ஏத்தக் கூடாது, மாத்திரை தினமும் வயித்துக்குள்ள போகுதான்னு முதல்ல கேக்கணும். முக்கால்வாசி அங்கதான் கோளாறு இருக்கும்.

சித்தப்பா: ராத்திரிதான் போடணும்னு அட்டோர்வாவுக்கும் ரோசுவாவுக்கும் கட்டாயம் இல்ல. மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். சிம்வாஸ்டேட்டின்னா சாயங்காலம். யாராவது கிளாரித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக் எழுதினா கொலஸ்ட்ரால் மாத்திரை போடறதைக் கண்டிப்பா சொல்லணும். சிம்வா, அட்டோர்வா ரெண்டோட அளவும் ரத்தத்துல ஏறிடும், தசை பாதிக்கும்.

அத்தான்: ரெண்டு தொடையும் ஒரே மாதிரி வலிச்சு, சிறுநீர் காபி நிறத்துல போனா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும், தசை பாதிச்சிருக்கான்னு காட்டற சிகே ரத்த டெஸ்ட் எடுக்கணும். லேசான வலின்னா தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேட்டுட்டு கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாம். திரும்ப குறைஞ்ச டோஸோ வேற ஸ்டேட்டினோ பெரும்பாலும் ஒத்துக்கும்.

பெரியம்மா: சரி, மொதல்ல தைராய்டு பாக்கச் சொல்றேன்.

அக்கா: கூடவே கல்லீரலைப் பாக்கற ஏஎல்டி டெஸ்டும், வெறும் வயித்துல டிரைகிளிசரைடு இன்னொரு தரமும். அந்த ரிப்போர்ட்டை இங்க போடச் சொல்லுங்க பெரியம்மா.